பின்னாடி இருப்பதும் படம்தான்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்ப் பாருங்கள். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் வண்டி கிளம்பும்போதே கூடை, மூட்டை, டிபன் கேரியர்களுக்கு நடுவே ஒரு தனி ரகம் ஏறும். கழுத்தில் கேமரா, தோளில் கறுப்புப் பை, தலையில் தொப்பி. முகத்தில் ‘நான் டூட்டியில் இருக்கிறேன், பேச்சுக் கொடுக்காதே’ என்கிற கண்டிப்பு. பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

அதே பொன்னேரிக்கு எதிர்த் திசையிலிருந்து, கவரப்பேட்டை வழியாக, இன்னொரு கோஷ்டி வந்து இறங்கும். இது சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்த கோஷ்டி. தூக்கத்தைத் திங்கட்கிழமைக்கு ஒத்திப் போட்டுவிட்டு, ரூம் மேட்டின் கேமராவை ‘ஒரே ஒரு நாள் மச்சான்’ என்று வாங்கிக்கொண்டு வருகிற பேச்சலர்கள். இரண்டு கோஷ்டிக்கும் லட்சியம் ஒன்றுதான். பூநாரை. ஆங்கிலத்தில் ஃப்ளெமிங்கோ.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இந்தக் கேமராக்களின் தலையில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். சுற்றிலும் எழுத்துக்கள், குட்டிக் குட்டிப் படங்கள். வாங்கின நாளிலிருந்து அந்தச் சக்கரம் ‘ஆட்டோ’வை விட்டு ஒரு இன்ச் நகர்ந்திருக்காது.

‘‘ஆட்டோதானே சார் சேஃப்? அதுவே எல்லாத்தையும் பார்த்துக்கும்.’’

பார்த்துக்கொள்ளும், வாஸ்தவம். சென்ட்ரல் வாசலில் நிற்கிற ஆட்டோகூடத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். எந்த வழியாகப் போவது, எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அது முடிவு செய்யும். நீங்கள் உட்கார்ந்து வரவேண்டியதுதான்.

கேமரா ஆட்டோ இப்படி உங்களைக் கேட்காமல் முடிவு செய்கிற விஷயங்களில் தலையாயது ஒன்று. படத்தில் எது பளிச்சென்று தெரியலாம், எது கரைந்து போகலாம் என்பது. இந்தச் சமாசாரத்துக்கு டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்று பெயர். நாம் ‘தெளிவின் ஆழம்’ என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் திருகிப் பார்க்கலாம்.

* * *

கறாராகச் சொன்னால், எந்த லென்ஸும் ஒரே ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகப் பிடிக்கும். இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் இரண்டு மீட்டர்தான். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்க ஆரம்பிக்கும். ஆனால் நம் கண் பெருந்தன்மையானது. லேசான கலங்கலைக் கண்டுகொள்ளாது. எவ்வளவு தூரம் வரை கண்டுகொள்ளாமல் விடுகிறதோ, அதுதான் தெளிவின் ஆழம். சில படங்களில் அது மூன்று சென்டிமீட்டர். சில படங்களில் காலடிப் புல்லிலிருந்து கண்ணுக்கெட்டாத மலை வரைக்கும்.

இதை ஆட்டிவைக்கிற பிடிகள் மூன்று. லென்ஸுக்குள் இருக்கும் துவாரம், ஆளுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம், ஜூம். துவாரத்திலிருந்து ஆரம்பிப்போம். இதற்கு அபெர்ச்சர் என்று பெயர்.

கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த பெரியவர், பாரிமுனை பஸ் ஸ்டாப்பில் என்ன செய்கிறார்? வருகிற பஸ்ஸின் போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறார். சுருக்கியதும் நம்பர் தெரிகிறது. ஏன்? திறந்த கண்ணில் ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் அகலமான கூம்பாக நுழைகிறது. ஃபோகஸ் சரியில்லை என்றால் அந்தப் புள்ளி, புள்ளியாக விழாமல் அப்பளமாக விழுகிறது. அப்பளத்தின் மேல் அப்பளமாக விழுந்தால் நம்பர் எப்படித் தெரியும்? கண்ணைச் சுருக்கினால் கூம்பு ஒல்லியாகிறது. அப்பளம் வடகமாகி, வடகம் ஜவ்வரிசியாகி, கண் அதைப் புள்ளி என்றே ஒப்புக்கொள்கிறது.

துவாரம் சின்னதானால் தெளிவின் ஆழம் அதிகம். துவாரம் பெரிதானால் ஆழம் குறைவு. பெரியவருக்குத் தெரிந்த இந்த விஷயம்தான் லட்ச ரூபாய் லென்ஸிலும் நடக்கிறது.

இங்கேதான் நம் பையன்கள் வழுக்கி விழுவார்கள். துவாரத்தின் அளவை எஃப் 2, எஃப் 4, எஃப் 8, எஃப் 16 என்று எழுதுகிறார்கள். நம்பர் ஏற ஏறத் துவாரம் சின்னதாகிறது. ‘‘பதினாறு பெரிசா, ரெண்டு பெரிசா? எவன் சார் இதைக் கண்டுபிடிச்சது?’’ என்று கோபம் வரும்.

கோபமே வேண்டாம். அது பின்னம். எஃப் என்பது லென்ஸின் குவிய தூரம். அதை இரண்டால் வகுத்தால் எஃப் 2. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில் 25 மில்லிமீட்டர் துவாரம். பதினாறால் வகுத்தால் சுமார் 3 மில்லிமீட்டர். உங்கள் தாத்தாவிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். எஃப் 2 என்பது அரை. எஃப் 4 கால். எஃப் 8 அரைக்கால். எஃப் 16 வீசம். அரைப்படி அரிசி பெரிதா, வீசம்படி பெரிதா என்று பலசரக்குக் கடையில் யாரும் குழம்பினதில்லை.

இந்த அளவின் இரு கோடியிலும் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். 1932-ல் கலிஃபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். பெயரே ‘குரூப் எஃப் 64’. அவர்களுடைய பெரிய பெட்டிக் கேமராக்களில் இருந்த மிகச் சின்னத் துவாரங்களில் ஒன்று அது. படத்தில் கூழாங்கல் முதல் மலைமுகடு வரை கத்தி முனைத் தெளிவு வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மறு கோடியில் டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக். 1975-ல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் எடுத்தார். அதற்கு, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்தார். துவாரம் குவிய தூரத்தைவிடப் பெரிசு! ஆழம் அவ்வளவு குறைவானதால் நடிகர்கள் முன்னே பின்னே சாயாமல் உட்கார வேண்டியிருந்தது.

நமக்கு இரண்டும் வேண்டாம். நம் கேமராவோடு இலவசமாக வருகிற 18-55 லென்ஸ் போதும். அதற்கே இரண்டாவது, மூன்றாவது பிடி என்னவென்று தெரிந்தால்தான் முழு லாபம்.

* * *

இரண்டாவது பிடி, தூரம். கிட்டே போகப் போக ஆழம் குறையும். மூன்றாவது, ஜூம். இழுக்க இழுக்க ஆழம் குறையும். எவ்வளவு குறையும்? சாதாரண டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நண்பனை இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வைக்கிறீர்கள். லென்ஸ் 18-ல், துவாரம் எஃப் 3.5. அந்த இடத்தில் அந்த லென்ஸின் மிகப் பெரிய துவாரம் அதுதான். அப்படியும் தெளிவின் ஆழம் சுமார் இரண்டு மீட்டர் வரும். நண்பனும் தெளிவு, அவனுக்குப் பின்னால் கொடியில் காயும் லுங்கியும் தெளிவு. இப்போது நகராமல் 55-க்கு ஜூமை இழுங்கள். துவாரம் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். ஆனாலும் ஆழம் முப்பது சென்டிமீட்டர்தான். நண்பன் இருக்கிறான், லுங்கி கரைந்துவிட்டது.

‘‘போர்ட்ரெய்ட் மோட்ல வச்சேன் சார், ஆனா பேக்ரவுண்ட் பிளர் ஆகவே இல்ல. கேமரா டூப்ளிகேட்டா?’’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். கேமரா ஒரிஜினல்தான். போர்ட்ரெய்ட் மோட் துவாரத்தை மட்டும்தான் திறக்கும். அது உங்களைக் கையைப் பிடித்து நாலடி நடத்தாது. ஜூமை இழுக்காது. நண்பனைச் சுவரிலிருந்து பத்தடி முன்னால் வரச் சொல்லாது. மூன்று வேலையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு புதையலும் இருக்கிறது. லென்ஸை 18-ல் வைத்து, எஃப் 8 வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். சுமார் ஒரு மீட்டரிலிருந்து வானம் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும். மலையை ஃபோகஸ் செய்தால் மலையோடு போய்விடும். இரண்டு மீட்டரை ஃபோகஸ் செய்தால் மலையும் வரும், காலடி மண்ணும் வரும். இதற்கு ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று பெரிய பெயர். பெயரை மறந்துவிடலாம். ‘பதினெட்டு, எட்டு, ரெண்டு’ என்று பஸ் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்துவிடுங்கள்.

* * *

சக்கரத்துக்கு வருவோம். அதில் இருக்கும் குட்டிப் படங்கள் என்ன சொல்கின்றன?

பெண் தலை: போர்ட்ரெய்ட். துவாரத்தைத் திறக்கும். ஆளை விட்டுவிட்டுப் பின்னணியைக் கரைக்கப் பார்க்கும்.

மலை: லாண்ட்ஸ்கேப். துவாரத்தை மூடும். முன்னும் பின்னும் தெளிவாக்கப் பார்க்கும்.

ஓடுகிற ஆள்: ஸ்போர்ட்ஸ். இதற்கு ஷட்டர் வேகம்தான் கவலை. வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்டப் பெரும்பாலும் துவாரத்தையும் திறந்துவிடும். அதனால் கேட்காமலே பின்னணி கரையும்.

பூ: மாக்ரோ. கிட்டே போய் எடுப்பதற்கு. கிட்டே போனாலே ஆழம் பாதாளத்துக்குப் போய்விடும் என்பதால், பூவின் ஒரு இதழ் தெளிவாக இருந்தால் அடுத்த இதழ் கலங்கும்.

இவை எல்லாம் ஹோட்டலில் ‘மினி மீல்ஸ்’ மாதிரி. அவன் வைத்ததுதான். ‘சாம்பார் வேண்டாம், கூடக் கொஞ்சம் ரசம்’ என்று கேட்க வேண்டுமானால் எழுத்துக்களுக்கு வரவேண்டும்.

நிக்கான், ஸோனி கேமராக்களில் அது ‘ஏ’. கேனன்காரர்கள் ‘ஏவி’ என்று எழுதியிருப்பார்கள். மெய்யப்பச் செட்டியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அபெர்ச்சர் வேல்யூ என்பதன் சுருக்கம். பக்கத்திலேயே ‘டிவி’ என்று இருக்கும். சீரியல் ஒன்றும் ஓடாது. டைம் வேல்யூ, அதாவது ஷட்டர் நேரம்.

ஏ அல்லது ஏவியில் வைத்தால், துவாரம் எவ்வளவு என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதற்கேற்ற ஷட்டர் வேகத்தைக் கேமரா போட்டுக்கொள்கிறது. பாதி அதிகாரம் உங்களுக்கு, பாதி உழைப்பு அதற்கு. எந்த ஆபீஸிலும் கிடைக்காத ஏற்பாடு.

ஒரே ஒரு நிபந்தனை. எஃப் 4-லிருந்து எஃப் 8-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். விநாடியில் இருநூறில் ஒரு பங்கு திறந்து மூடிய ஷட்டர், இப்போது ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருக்கும். கை நடுங்கினால் மொத்தப் படமும் கலங்கும். சாயங்காலம் சிப்காட் சாலையில் சோடியம் விளக்கு வெளிச்சத்தில் எஃப் 16 வைத்துவிட்டு, ‘‘படம் ஆடுது சார்’’ என்று சொல்லக் கூடாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள், இல்லையா, டீக்கடை பெஞ்சிலாவது கேமராவை ஊன்றி வையுங்கள். அதே போல எஃப் 22 வரை மூடினால் இன்னும் தெளிவு என்று பேராசைப்படவும் வேண்டாம். துவாரம் மிகச் சின்னதானால் வெளிச்சம் விளிம்பில் சிதறி, படம் முழுவதும் ஒரு மெல்லிய மந்தம் வந்துவிடும். இந்த ரகக் கேமராவுக்கு 8-லிருந்து 11 வரை நல்ல இடம்.

இன்னொன்று. வ்யூ ஃபைண்டர் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, நீங்கள் எஃப் 16 வைத்திருந்தாலும் லென்ஸ் முழுசாகத் திறந்துதான் இருக்கும். கிளிக் செய்கிற கணத்தில்தான் மூடும். அதனால் கண்ணில் கண்டது ஒன்று, படத்தில் வருவது ஒன்று. எடுத்த பிறகு திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிலிம் காலத்தில் முப்பத்தாறு படம்தான், கழுவி வந்த பிறகுதான் விஷயம் தெரியும். இப்போது செலவு ஒன்றுமில்லை. தயங்காமல் மூன்று துவாரத்தில் மூன்று எடுத்துவிடலாம்.

* * *

பழவேற்காட்டுக்குப் போவோம். சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம்மிடம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. குளிர்காலத்தில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும்.

300 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 5.6, பறவை நாற்பது மீட்டரில் என்றால் தெளிவின் ஆழம் சுமார் நாலு மீட்டர். எஃப் 11 வைத்தால் எட்டு மீட்டர். ஒற்றைப் பறவைக்கு முன்னது போதும், வரிசையாக நிற்கும் கூட்டத்துக்குப் பின்னது வேண்டும். ஆனால் படகு ஆடும், பறவை நகரும். ஷட்டர் வேகமாக இருந்தே ஆகவேண்டும் என்பதால் நம் ஆட்கள் துவாரத்தைத் திறந்தே வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை. (‘இன்னும் கிட்டப் போ, பறக்க விடு’ என்று படகுக்காரரை நச்சரிப்பதுதான் தப்பு. பறவை அங்கே சாப்பிட வந்திருக்கிறது, போஸ் கொடுக்க அல்ல.)

விளைவு? ரூமுக்குத் திரும்பி முந்நூறு படத்தைப் பார்த்தால் முந்நூறிலும் ஒரு பூநாரை, பின்னால் இளநீல ஜெல்லி. அழகுதான். ஆனால் அது பழவேற்காடா, வேடந்தாங்கலா, வெளிநாட்டு மிருகக்காட்சி சாலையா என்று எடுத்தவனாலேயே சொல்ல முடியாது. பறவைக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், கரையோரம் சாய்த்து வைத்த படகுகள், ஊர் எல்லாம் ஜெல்லிக்குள் போய்விட்டன.

நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த பெரிய இயற்கை ஆர்வலர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைத் தானே சேர்த்துப் பூட்டிய ஒரு கனமான கருவியை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் எடுத்தவர். அதில் பெண் தலையும் இல்லை, மலையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு திறப்பது, எங்கே நிற்பது என்று அவரேதான் முடிவு செய்தாக வேண்டும்.

பழவேற்காட்டில் முடிவு செய்து பழக ஒரு அருமையான இடம் இருக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு காவலுக்கு நிற்கும். எலும்புக்கூட்டை மட்டும் 55-ல் எஃப் 5.6 வைத்து எடுத்தால் ஒரு பேய்ப் பட போஸ்டர் கிடைக்கும். அதையே ‘பதினெட்டு, எட்டு, ரெண்டு’ வைத்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால், எலும்புக்கூடு, வளைவு, உள்ளே வரிசையாகக் கல்லறைகள், அதற்கும் பின்னால் ஊர், நாலும் ஒன்றாக வரும். முதல் படம் பயமுறுத்தும். இரண்டாவது படம், எங்கிருந்தோ வந்தவர்கள் இந்த ஊர் மண்ணில் படுத்திருக்கும் கதையைச் சொல்லும்.

* * *

அந்தக் கதை டச்சுக்காரர்களுக்கு மட்டும்தானா?

சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னது. அவருக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஏதோ ஒரு இரும்பு ஆலையில் இருபத்தெட்டு வருஷம் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவர். கடைசி நாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, கேட் முன்னால் நிறுத்தி வைத்தார்கள். மகன் புதுசாக 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் வாங்கியிருந்தான். மூன்று மீட்டரில் நின்று எஃப் 1.8-லேயே தட்டினான். தெளிவின் ஆழம் பத்து அங்குலம். அப்பாவின் மீசையில் ஒவ்வொரு முடியும் எண்ணலாம். மாலையில் சம்பங்கி, ரோஜா எல்லாம் தனித்தனி. பின்னால் ஆலை? காபி கலர் அல்வா.

பையன் பெருமையோடு அம்மாவிடம் காட்டினான். அந்தம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

‘‘நல்லாருக்குடா. இது எந்தக் கல்யாண மண்டபம்?’’

‘‘மண்டபம் இல்லம்மா, கம்பெனி கேட்.’’

‘‘கம்பெனியா? எங்கடா? இருவத்தெட்டு வருஷமா சாப்பாடு கட்டிக் குடுத்திருக்கேன். எந்த இடத்துக்குப் போச்சுன்னு ஒரு தடவையாச்சும் பார்க்கலாம்னு நெனச்சேன்.’’

அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். படத்தை வாங்கி, அல்வாவுக்குள் விரலை வைத்து, ‘‘இங்கதான் ஷெட்டு இருக்கும்... இது கான்டீன்...’’ என்று காட்டிக்கொண்டிருந்தாராம்.

அந்தப் பையன் செய்தது தொழில்நுட்பப்படி குற்றமே இல்லை. போர்ட்ரெய்ட் என்றால் பின்னணியைக் கரைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அது அப்பாவின் படம் மட்டும் அல்ல. அப்பாவும் ஆலையும் பிரிகிற படம். 18-ல் எஃப் 8 வைத்து, அப்பாவை இரண்டரை மீட்டரில் நிறுத்தியிருந்தால் மீசையும் வந்திருக்கும், கேட்டும் வந்திருக்கும், போர்டில் பெயரும் வந்திருக்கும், எட்டிப் பார்க்கும் வாட்ச்மேனும் வந்திருப்பார். ஒரே ஒரு திருகல்.

ஆகவே கிளிக் செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ‘எஃப் எவ்வளவு?’ என்பதல்ல. ‘இவருக்குப் பின்னால் நிற்பது இவருக்கு யார்?’ என்பதுதான். சம்பந்தமில்லாத குப்பைத் தொட்டியா, கரையுங்கள். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரா, கரையுங்கள். வரனுக்கு அனுப்புகிற போட்டோவில் பேச்சலர் ரூம் சுவரா, தயவுசெய்து கரையுங்கள், உங்கள் எதிர்காலம் அதில் இருக்கிறது. ஆனால் அவர் கட்டின வீடு, உழுத நிலம், ஓட்டின லாரி, நின்ற மெஷின் என்றால், எஃப் 8-க்குப் போங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். முதலில் முகங்களைப் பார்ப்பீர்கள். பிறகு? ‘‘அட, நம்ம பழைய ஓட்டு வீடு! திண்ணைல பாரு, அந்த ரேடியோ!’’ என்று கண் பின்னால் போகும். எடுத்த அன்று யாரும் மதிக்காத பின்னணிதான் முப்பது வருஷம் கழித்து விலை மதிப்பில்லாததாகிறது.

லினேயஸ் ட்ரைப் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக 1858 வாக்கில் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மெழுகு தடவிய காகித நெகடிவ், நீண்ட எக்ஸ்போஷர். நடமாடிய ஆட்கள் பலர் பதியாமலே போனார்கள். கட்டடங்கள் கல் கல்லாகப் பதிந்தன. கோபுரமும் தெப்பக்குளமும் அன்றைக்கு எப்படி இருந்தன என்று இன்றைக்கு அவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ட்ரைப் எல்லாவற்றையும் அல்வாவாக்கியிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது அல்வாதான்.

* * *

‘‘கேமராவே வேண்டாம் சார், என் போன்லயே போர்ட்ரெய்ட் மோட் இருக்கு’’ என்று ஒரு குரல் கேட்கிறது. இருக்கிறது. 2016-ல் ஐஃபோன் 7 ப்ளஸ்ஸில் வந்த பிறகு எல்லாப் போனிலும் பரவிவிட்டது.

விஷயம் என்னவென்றால், போனின் லென்ஸ் உண்மையில் சில மில்லிமீட்டர் குவிய தூரம்தான். அதன் ஸென்ஸார் சுண்டுவிரல் நகம் அளவு. மேலே சொன்ன கணக்குப்படி அதில் இயல்பாகவே எல்லாம் தெளிவாகத்தான் விழும். கலங்கல் என்பது பிற்பாடு கம்ப்யூட்டர் கணக்கு ஒட்டுகிற சமாசாரம். எது ஆள், எது பின்னணி என்று அது ஊகிக்கிறது. சில சமயம் ஊகம் தப்பும். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் பாதி பின்னணியோடு போய்விடும். மூக்குக் கண்ணாடியின் ஒரு கம்பி காணாமல் போகும். காது சேருமா சேராதா என்று யோசித்து, ஒரு காதை மட்டும் அனுமதிக்கும்.

ஆனால் போனுக்கு ஒரு நல்ல குணம். பல போன்களில் அந்தக் கலங்கலை அப்புறம் நீக்கிவிடலாம், அசல் படம் உள்ளே பத்திரமாக இருக்கும். கேமராவில் அது முடியாது. தெளிவாக எடுத்ததைப் பிற்பாடு மங்கலாக்கலாம். லென்ஸிலேயே மங்கலாகி விழுந்ததைத் தெளிவாக்க முடியாது. சந்தேகம் வந்தால் துவாரத்தை மூடு என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

* * *

கடைசியாக வீட்டுப் பாடம். பரீட்சை உண்டு.

டீக்கடை பெஞ்சில் ஐந்து கண்ணாடி கிளாஸ்களை அரையடிக்கு ஒன்றாக, கேமராவிலிருந்து விலகிப் போகும் வரிசையில் வையுங்கள். நடு கிளாஸ் ஒரு மீட்டரில் இருக்கட்டும், ஃபோகஸும் அதில்தான். சக்கரம் ஏ அல்லது ஏவியில்.

ஜூம் 55, எஃப் 5.6: ஆழம் ஏழு சென்டிமீட்டர். நடு கிளாஸ் மட்டும் தெளிவு.

ஜூம் 55, எஃப் 16: ஆழம் இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முன்னும் பின்னும் உள்ள கிளாஸ்கள் தெளிவுக்கு அருகே வந்து தயங்கும். பெஞ்சில் ஊன்றாமல் எடுத்தால் மொத்தமும் ஆடும்.

ஜூம் 18, எஃப் 8: ஐந்தும் தெளிவு. டீ மாஸ்டரும் தெளிவு. அவர் முறைப்பதும் தெளிவாகத் தெரியும்.

ஐந்து டீக்கும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பவும்.